வெயிலைப் பிடிக்கும் சாயம்

2016 மார்ச். மனைவியின் இடது மார்பில் கட்டி இருப்பது உறுதி செய்யப்பட்டது.

2016 ஏப்ரல். கொழும்பில் சத்திரசிகிச்சை. மார்பு அகற்றப்பட்டது.

2016 மே முதல் ஆண்டிறுதி வரை. மருந்தேற்றல். அதன்பின் கதிர்ச்சிகிச்சை.

2018 ஜனவரி. வடுவின் ஓரமாகத் தோலின் கீழ்ச் சிறு முடிச்சுகள். மறுபடியும் மருந்தேற்றல்.

2018 யூலை. முடிச்சுகள் பெருகின. ஈரலிலும் பரவல் காணப்பட்டது. மருந்தேற்றல் நிறுத்தப்பட்டது. வலிக்கு மட்டும் மருந்து.

2018 ஒக்டோபர், முதல் வெள்ளிக்கிழமை காலை. வீட்டில் மரணம். அன்று அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம்.

ஒரு பரிசோதனை தோற்றுவிட்டால், முதலில் நடந்தவற்றை மட்டும் வரிசையாக எழுதுங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வது என் வழக்கம். காரணம் தேடுவதையும் வருந்துவதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மேலே உள்ளதை அந்தப் பழக்கத்தில் எழுதினேன். எழுதி முடித்து வாசித்தபோது எதுவும் பிழையாகத் தெரியவில்லை. ஆனால் ஓகஸ்ட், செப்டெம்பர் என்ற இரண்டு மாதங்கள் அதில் இல்லை. அந்த மாதங்களில் வைத்தியர்கள் எதுவும் செய்யவில்லை, ஆகவே பதிவதற்கு எதுவும் இல்லை என்று அப்போது நினைத்திருந்தேன்.

நான் சாயங்களைப் படித்தவன். யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் விரிவுரையாளனாகத் தொடங்கினேன். தொண்ணூறாம் ஆண்டில் எங்கள் முஸ்லிம் சமூகம் முழுவதும் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, மனைவியும் நானும் மற்றவர்களைப் போலவே கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு புத்தளம் வந்து சேர்ந்தோம். சில காலம் முகாமில் இருந்தோம். பிறகு தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, ஓய்வு பெறும்வரை அங்கே கற்பித்தேன். ஓய்வுக்குப் பின், கற்பிட்டிக் குடாநாட்டில், மாம்புரியைத் தாண்டிய ஒரு வளவில் வீடு கட்டிக்கொண்டோம். அவளுடைய தங்கை குடும்பம் பக்கத்து வளவில் இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஒரு சாயம் ஒளியை உறிஞ்சினால் அந்தச் சக்தியை எப்படியாவது கழித்தாக வேண்டும். சில சாயங்கள் அதை வேறொரு நிறத்து ஒளியாகத் திருப்பித் தரும். அவை அழகானவை, அவற்றுக்காகவே என் தலைமுறையினர் ஆய்வுகூடங்களில் கண்களைக் கெடுத்துக்கொண்டார்கள். வேறு சில ஒளிராமல் இருண்டு கிடக்கும்; பெற்றதை எல்லாம் வெப்பமாக விட்டுவிடும். நான் ஆக்கியவற்றுள் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை. வெப்பத்தை நாங்கள் இழப்பு என்று குறித்தோம். என் ஆராய்ச்சிப் பட்டத்திற்கான நூலில் ஓர் அத்தியாயம் முழுவதும் ஒளிராத சாயங்களைப் பற்றியது. பரீட்சகர்கள் அதை விரைவாகப் புரட்டிச் சென்றார்கள்.

அந்த அத்தியாயத்தைப் பல ஆண்டுகளின் பின் ஒருவர் தேடி வாசித்தார். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் பணிபுரியும் என் பழைய மாணவி. சிவப்பு நிறத்திற்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி இருக்கிறது. அது தசையை ஓரளவு ஊடுருவும். அந்த ஒளியை மட்டும் உறிஞ்சும் சாயத்தைப் புற்றுநோய்க் கட்டிக்குள் சேர்த்துவிட்டு, வெளியிலிருந்து ஒளியைப் பாய்ச்சினால், சாயம் இருக்கும் இடம் மட்டும் சூடாகும். கட்டியின் கலங்கள் அந்தச் சூட்டில் இறக்கும். பக்கத்தில் உள்ள சதை தப்பும். நாங்கள் இழப்பு என்று எழுதியதைத்தான் அவர்கள் மருந்தாக்கப் பார்க்கிறார்கள். ஓய்வுபெற்ற பிறகும் என்னிடம் அவள் ஆலோசனை கேட்டு எழுதுவாள். எந்தத் தொகுதியை மாற்றினால் சாயம் நீரில் கரையும், எதனால் அது ஒளியில் வெளிறிப்போகிறது என்பவை போன்ற கேள்விகள். நான் நேரமெடுத்து, ஆறுதலாக விடை எழுதுவேன். மனைவி நோயுறுவதற்கு முன்பே இந்தக் கடிதப் போக்குவரத்து தொடங்கிவிட்டது. அதைக் குறிப்பிடக் காரணம், அவள் நோயுற்றதால் நான் இந்தத் துறைக்குள் போனேன் என்று உறவினர்கள் சொல்லிக்கொண்டதுதான். அப்படி அல்ல. நான் ஏற்கெனவே அங்கே இருந்தேன். அவளுடைய நோய்தான் பின்னால் வந்து சேர்ந்தது.

மனைவி பாடசாலையில் சமயமும் தமிழும் கற்பித்தவள். நான் செய்வது என்னவென்று அவளுக்கு ஒரே ஒரு முறைதான் சரியாகப் புரியவைத்திருக்கிறேன். அதையும் நான் செய்யவில்லை, உப்புப் பாத்தி செய்தது. நாங்கள் முகாமில் இருந்த காலத்தில், ஏரிக்கரையில் உப்பளம் வைத்திருந்த ஒருவர், மழை தொடங்குமுன் உப்பை விரைவாக விளைய வைக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். பச்சைச் சாயம் ஒன்றைப் பாத்தி நீரில் கலந்து பார்க்கலாம் என்றேன். உப்புநீர் தெளிவாக இருந்தால் வெயிலின் ஒரு பங்கு அடிச்சேறு வரை போய்விடும். சாயம் அதை நீரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்தடுத்த இரண்டு பாத்திகளில் ஒன்றில் மட்டும் கலந்தோம். மதியம் பார்க்கப் போனபோது அவளும் வந்தாள். சேலையை ஒதுக்கிக் குந்தி, ஒரு கையைத் தெளிந்த நீரிலும் மறு கையைப் பச்சை நீரிலும் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள்.

"இது வெயிலைப் பிடிச்சு வெச்சிருக்கு," என்றாள்.

சாயப் பாத்தி உண்மையிலேயே முந்தி வற்றியது. ஆனாலும் உப்பளக்காரர் தொடரவில்லை. உப்பு வெள்ளையாகத்தான் வந்தது. இருந்தும், பச்சைத் தண்ணீரில் விளைந்த உப்பு என்று கேள்விப்பட்டால் ஊரில் ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று பயந்தார். மீதிச் சாயம் ஒரு போத்தலில் என்னுடனேயே வீடு வீடாக வந்து, கடைசியில் எங்கோ தொலைந்தது. மனைவி மட்டும் அந்த வாக்கியத்தை விடவில்லை. என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று என்னைப் பற்றி யார் கேட்டாலும், வெயிலைப் பிடிக்கும் சாயம் செய்கிறார் என்பாள். அதைவிடச் சுருக்கமாக நானும் சொன்னதில்லை.

முடிச்சுகள் வடுவின் ஓரத்தில் வந்தபோது, அவை இருந்த இடத்தை வைத்தியர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். தோலுக்குச் சற்றுக் கீழே. ஒளி சென்று சேரக்கூடிய ஆழம். மாணவியின் கட்டுரைகளில் எலிகளின் முதுகில் இருந்த கட்டிகள் அதே ஆழத்தில்தான் இருந்தன. வைத்தியர் பேசிக்கொண்டிருந்தபோது நான் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னவற்றைத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

அந்த வடுவை நான் பார்த்ததில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின் அவள் எனக்குக் காட்டவில்லை. காட்டு என்று நானும் கேட்கவில்லை. கட்டு மாற்றுவது, மருந்து பூசுவது எல்லாம் தங்கையின் வேலை. அறைக்கதவு சாத்தப்படும், நான் விறாந்தையில் இருப்பேன். எலிகளின் கட்டிகளை நிறப்படங்களில் எல்லாக் கோணங்களிலும் பார்த்திருக்கிறேன்.

யூலையில் மருந்தேற்றலை நிறுத்தினார்கள். கொழும்பிலிருந்து திரும்பியதும் நான் மாணவியைத் தொலைபேசியில் அழைத்தேன். மின்னஞ்சலில் கேட்கக்கூடிய விடயம் அல்ல என்று பட்டது. நலம் விசாரித்து, அவளுடைய புதிய சாயத்தைப் பற்றிக் கேட்டு, வேறு என்னவெல்லாமோ கேட்டு, கடைசியில் மனிதர்களுக்கு எங்கேயாவது கொடுத்துப் பார்க்கிறார்களா என்று கேட்டேன். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

"சேர், எங்கட சாயம் இன்னும் எலியைத் தாண்டேல்ல," என்றாள். "வேற இடங்களில சின்ன அளவில தொடங்கியிருக்கினம். அதுவும் வேற வகைக் கட்டிக்கு. மிஸ்ஸை எடுக்கமாட்டினம். ஈரலுக்கும் போயிட்டுதெண்டா எடுக்கவே மாட்டினம்."

எனக்குத் தெரியும் என்றேன். தெரியும்தான். சாயம் கட்டியில் மட்டும் சேராது, ஈரலிலும் சேரும். ஓடும் இரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். ஒளி தசையில் சிதறும். சாயமே அந்த ஒளியில் வெளிறும். இவற்றுள் இரண்டு தடைகளைப் பற்றி அவளுக்கு விளக்கி எழுதியவனே நான். ஆனாலும் கேட்டேன். அவள் அழத் தொடங்கியபோது, புதிய சாயத்தின் கரைதிறன் பற்றிய கேள்விக்குத் திரும்பிப் போனேன். அவள் சமாளித்துக்கொண்டு பதில் சொன்னாள். நல்ல மாணவி.

ஊரில் இதை விளக்குவது இன்னும் கடினமாக இருந்தது. தங்கையின் கணவர் வெங்காயம் ஏற்றும் லொறி வைத்திருப்பவர். மனதில் உள்ளதை மனதோடு வைத்திருக்கத் தெரியாதவர்; என்னை அண்ணன் முறையில் காக்கா என்பார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை வந்து, விறாந்தைக் கதிரையில் சாய்ந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி தொடங்கினார்.

"எலிக்கு ஊசி போட வெள்ளைக்காரன் இருக்கான். எங்கட மதினிக்குப் போட ஒருத்தருமில்ல. என்ன படிப்பு காக்கா இது?"

உள்ளே படுத்திருந்த மனைவி யன்னல் வழியாகச் சொன்னாள்:

"எலிக்கு அவசரம் தம்பி. எனக்குப் போடுறதெண்டா இவங்க முதல்ல நாலு கட்டுரை எழுதோணும், அதை நாலு பேர் பிழை பிடிக்கோணும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் என்னைக் காப்பாற்றினாள் என்பது பிறகுதான் உறைத்தது. வாழ்நாள் முழுவதும் ஒரு காரியத்தைப் படித்தவனிடம், அந்தக் காரியம் தேவைப்படும் நேரத்தில், கையில் எதுவும் இல்லை. இதை நான் எவருக்கும் விளங்கவைக்கவில்லை. அவள் ஒருத்திதான் கேட்காமலே விளங்கிக்கொண்டாள் என்று எண்ணியிருந்தேன். அவள் என்னிடம் மருந்து கேட்டதே இல்லை.

அவள் கேட்டது வேறு. தங்கையின் கணவர் அப்படி வந்து பேசியதற்குச் சில நாட்கள் முன், ஓகஸ்ட் தொடக்கத்தில், வலிமருந்து எடுப்பதற்காக அவளைப் புத்தளம் வைத்தியசாலைக்கு அழைத்துப் போனேன். தலவிலத் தேவாலயத் திருவிழாக் காலம். சிலாபம் பக்கமிருந்து வந்த பஸ்களும் வான்களும் வீதியை நிறைத்திருந்தன. கூரைகளில் பாய்களும் சட்டிபானைகளும். திரும்பி வரும்போது எங்கள் வான் ஓரிடத்தில் நின்றுவிட்டது. சாரதி இறங்கி, சிங்களத்தில் யாருடனோ பேசிக்கொண்டு முன்னால் போனார். அவள் பின் ஆசனத்தில் யன்னலோரம் இருந்தாள். வெயில் அவள் மடியில் விழுந்தது. உள்ளங்கையை அதில் விரித்து வைத்திருந்தாள்.

"அந்தச் சூடு நோகுமா?"

"எந்தச் சூடு?"

"உங்கட சாயத்துச் சூடு."

தெரியாது என்றேன். எலிகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள் என்றேன்.

"அப்ப ஒருத்தரும் கேட்டுப் பாக்கல்ல."

"இல்ல."

வெளியே பிள்ளைகள் பஸ் யன்னல்களால் கைகளை நீட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டாள்.

"மருதோண்டியும் சாயந்தானே?"

"ஓம். சாயந்தான்."

"அதுவும் வெயிலைப் பிடிக்குமா?"

"எல்லா நிறமும் கொஞ்சம் பிடிக்கும்."

அது சரியான விடை. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். அதன்பின் இன்னும் சில வாக்கியங்களும் சொல்வேன். மருதோண்டி பிடிப்பது நீல ஒளியை; அந்த ஒளி தோலைத் தாண்டாது; தோலின் மேல் பிடித்த சூட்டை இரத்தம் உடனே கொண்டு போய்விடும். அன்று அவற்றைச் சொல்ல ஒரு காரணமும் தெரியவில்லை. பெருநாள் வருகிறது, அதைத்தான் நினைத்துக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சாரதி திரும்பி வந்தார். வான் நகர்ந்தது.

பெருநாளுக்கு அவள் மருதோண்டி போட்டாள். இரண்டு உள்ளங்கைகளிலும், நகங்களிலும். வருத்தக்காரிக்கு இது வேறு என்று தங்கையின் கணவர் கேலி செய்தார். அவள் கையை அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். கிணற்றடியில் நின்ற மருதோண்டிச் செடி அந்த நாட்களில் மொட்டையாகியிருந்ததைக் கண்டேன். பெருநாள் முடிந்த பின்னும் அது தழைக்காமல் நின்றது. ஆடுகள் கடித்திருக்கும் என்று நினைத்து, சுற்றிவர முள் வைக்கலாமா என்று கேட்டேன். தேவையில்லை என்றாள்.

எங்கள் கிணற்றடி, இந்தப் பக்கத்து வீடுகளில் உள்ளதைப் போன்றது. பெண்கள் குளிப்பதற்காகச் சுற்றிவர ஆளுயரத்துக்கு மேலாகத் தென்னோலைக் கிடுகால் மறைத்தது. காற்றும் பார்வையும் உள்ளே போகாது. ஓகஸ்ட் மாதக் காற்று, காற்றாலைகளைச் சுழற்றி, தென்னைகளை ஒரு பக்கமாகச் சாய்த்து, வீட்டுக்குள் மணலைக் கொண்டுவந்து கொட்டும் காற்று, அந்த மறைப்புக்குள் மட்டும் இராது. மதியத்தில், அதுவும் சூரியன் உச்சிக்கு நேரே வரும் அந்த மாத இறுதியில், உள்ளே நிழல் என்று ஒன்றும் இருக்காது.

அவள் மதியத்து லுஹர் தொழுகைக்கு முன் குளிக்கப் போவாள். தங்கை கூடப் போவாள். வரத் தாமதமாகும். நோயுற்ற உடல், ஆறுதலாகக் குளிக்கிறாள் என்று விட்டுவிட்டேன். ஒரு பிளாஸ்ரிக் கதிரையை உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். நின்று குளிக்க முடியாதவளுக்கு அது நியாயம். நானே கொண்டுபோய் வைத்தேன். செப்டெம்பரில் ஒருநாள், மறைப்பின் தெற்குப் பக்கத்தில் மேல் வரிசைக் கிடுகு இல்லாததைக் கவனித்து, காற்றில் போய்விட்டது, புதிதாகக் கட்டுகிறேன் என்றேன்.

"இப்ப வேணாம். காத்துக் குறையட்டும். திரும்பவும் போகும்," என்றாள்.

அதுவும் நியாயம். நான் கட்டவில்லை.

அந்த மாதங்களில் அவளிடம் நான் கவனித்த புது மாற்றம், முகம் கறுத்தது. மருந்தின் விளைவு என்று நினைத்தேன். மனம் ஒருவகையில் தெளிவாக இருந்தது. சாப்பாடு குறைந்துகொண்டே போனபோதும், கிணற்றடிக்குப் போவதை அவள் விடவில்லை. கடைசிக் கிழமையில் தங்கையும் கணவரும் இரண்டு பக்கமும் தாங்கிக் கொண்டுபோனார்கள். தங்கையின் கணவர் வாசலோடு திரும்பிவிடுவார். ஏன் இந்தப் பிடிவாதம், அறைக்குள்ளேயே துடைத்துவிடலாமே என்று நான் கேட்டபோது, குளித்துத் தொழுதால்தான் மனம் ஆறுகிறது என்றாள். மறுத்துச் சொல்ல முடியாத விடை. அவள் அப்படித்தான் தேர்ந்தெடுத்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை, சுபஹுத் தொழுகைக்குப் பின், மூச்சு இடைவெளி விட்டு வரத் தொடங்கி, பிறகு நின்றது. நான் பக்கத்தில் இருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் பெருநாள் மருதோண்டி பெரும்பாலும் வெளிறி, நகங்களில் மட்டும் சிவப்பு மிஞ்சியிருந்தது.

குளிப்பாட்டுவதற்குப் பெண்கள் வந்தார்கள். மய்யித்துக் கழுவுவதில் பழகிய வயதான பெண் ஒருவர், அவருக்கு உதவியாக இருவர், தங்கை. மனைவியைக் கணவன் குளிப்பாட்டலாம் என்பது எங்கள் மார்க்கத்தில் உள்ளது. விரும்பினால் வரலாம் என்று அந்த முதிய பெண் சொல்லி அனுப்பினார். நான் போகவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அவள் மறைத்து வைத்ததை, அவள் மறைக்க முடியாத நேரத்தில் போய்ப் பார்ப்பது சரியென்று படவில்லை. அறைக்கு வெளியே, சேலையால் கட்டிய திரைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். தண்ணீர் வார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். தங்கை திரைக்கு அப்பால் வந்து நின்றாள்.

"மச்சான், ஒண்டு கேக்கோணும்."

"சொல்லுங்க."

"ராத்தாட நெஞ்சில ஒரு கறுப்பு இருக்கு. வடுவச் சுத்தி, கையகலத்துக்கு. கழுவுற மாமி கேக்கிறா, அது உங்கட மருந்தோ எண்டு. பூச்சு மாதிரி இருந்தா தண்ணி தோலில படாதாம். சுரண்டி எடுத்துட்டுத்தான் கழுவோணுமாம்."

நான் எதுவும் பூசவில்லை என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அது மருதோண்டி. நாந்தான் அரைச்சுக் குடுத்தன். ஆனா திரும்பத் திரும்பப் போட்டுக் கறுத்துப் போச்சு. தார் மாதிரி. மாமி நம்பமாட்டேங்கிறா, மருதோண்டி இப்படிக் கறுக்காது எண்டு சொல்றா. இதுக்குப் பொறுப்பு அவதானாம், சந்தேகத்தோட கழுவமாட்டாவாம்."

அந்த நேரத்தில் எனக்குள் என்ன நடந்தது என்பதை எழுத முயலப் போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து அந்த இடத்தைத் துடைத்துப் பார்க்கச் சொன்னேன். துணியில் நிறம் வருகிறதா? தங்கை போனாள். திரும்பி வந்தாள்.

"வரல்ல."

"விளிம்பில நகம் பட்டா உரியுதா? மெதுவா. ஒரே ஒரு இடத்தில."

போனாள். வந்தாள்.

"இல்ல. தோலோட தோலா இருக்கு. தோல் ரேகையும் தெரியுது."

"அப்ப அது பூச்சு இல்ல. நிறம். மருதோண்டி தோலுக்குள்ள போய்ப் பிடிச்சுக்கொள்ளும். பலமுறை போட்டா கறுக்கும். தண்ணி படும். சுரண்டத் தேவையில்லை எண்டு மாமியிட்டச் சொல்லுங்க."

"உறுதியாச் சொல்லவா?"

"ஓம். நான் பொறுப்பு எண்டு சொல்லுங்க."

தண்ணீர் மறுபடி வார்க்கப்படும் சத்தம் கேட்டது. சாயங்களைப் பற்றி இத்தனை ஆண்டுகள் படித்ததில், அவளுக்காக நான் சொல்லக்கூடியதாக இருந்தது அவ்வளவுதான். அவள் தோலை ஒருவரும் சுரண்டவில்லை.

கத்தம் ஓதிய மூன்றாம் நாளுக்குப் பின் தங்கை மிச்சத்தைச் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பெருநாளுக்கு முன்பே தொடங்கியிருக்கிறார்கள். பெருநாள் மருதோண்டி அரைக்கும்போது யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்று மனைவிதான் யோசனை சொல்லியிருக்கிறாள். முடிச்சுகளின் மேல் தடித்துப் பூசி, காய்ந்ததும் கழுவிவிட்டு, நிறம் ஏறிய தோலை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு கதிரையில் இருந்திருக்கிறாள். உச்சி வெயில்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். தெற்குப் பக்கக் கிடுகைக் கழற்றியது காற்று அல்ல. சூரியன் தெற்கே சாயச் சாய நிழல் விழுகிறது என்று தங்கையைக் கொண்டு எடுப்பித்திருக்கிறாள்.

"நான் கேட்டன், மச்சானிட்டச் சொல்லுவமே எண்டு," என்றாள் தங்கை. "ராத்தா வேணாமெண்டா. 'அவங்களுக்கு அவங்கட சாயம் வர இன்னும் காலமாகும். அது வருமட்டும் நான் இதை வெச்சுப் பாக்கிறன். சுகப்பட்டா பிறகு சொல்லுவம், அவங்க எழுதட்டும்' எண்டு சொன்னா."

சூட்டை உணர்ந்தாளா என்று கேட்டேன். அந்த ஒரு கேள்விதான் கேட்டேன்.

"ஓம். மற்றப் பக்கத்தை விட இந்தப் பக்கம் சுடுது எண்டு சொன்னா. ரெண்டு பக்கத்திலயும் கை வெச்சுப் பாப்பா."

கறுத்த தோல் வெயிலில் கூடுதலாகச் சூடாகும். அது உண்மை. அவளுடைய அவதானம் சரி. முடிச்சுகள் இருந்த ஆழத்தில் அந்தச் சூடு எதுவும் செய்திராது. அவளுக்கு அதனால் நன்மை விளைந்திருக்க வழியில்லை. பெரிய தீமையும் விளையவில்லை. இதைத் தங்கைக்குச் சொன்னேன், அவள் தன்னைக் குற்றம் சாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. அவள் தலையசைத்தாள். எவ்வளவு நம்பினாள் என்று தெரியாது.

மறுநாள் மதியம், அவள் இறந்த பின் முதன்முறையாக, கிணற்றடிக்குள் போய் நின்றேன். சீமெந்துத் தளத்துக்கு அப்பால், மறைப்பு வரை மணல். கதிரை வடக்குப் பக்கத்தில் இருந்தது. மணலில் கதிரைக் கால்களின் தடங்கள் தெற்கிலிருந்து வடக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளிப் பதிந்திருந்தன. தெற்கு மறைப்பின் நிழல் நீண்டுகொண்டு வர, அவள் அதற்கு முன்னால் நகர்ந்துகொண்டே போயிருக்கிறாள். கடைசித் தடத்துக்குப் பின்னால் வடக்கு மறைப்பு இருந்தது. அதற்கு மேல் நகர இடமில்லை.

தடங்களை மிதிக்காமல் வெளியே வந்தேன். சில நாட்களில் மழை தொடங்கியது.

செய்யாமல் கிடக்கும் வேலைகள்:

மீதி வலிமருந்தைப் புத்தளம் வைத்தியசாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மாணவிக்குப் பதில் எழுத வேண்டும். புதிய சாயத்தைப் பற்றி அவள் கேட்டிருப்பதற்கு விடை என்னிடம் இருக்கிறது.

சூடு நோகுமா என்பதையும் மாணவியிடம் கேட்டு எழுத வேண்டும். மயக்க மருந்து இல்லாமல் யாராவது பார்த்தார்களா என்று.

மருதோண்டிச் செடி மறுபடி தழைத்திருக்கிறது. வெட்டிவிடலாம் என்று தங்கை சொல்கிறாள். முடிவு சொல்ல வேண்டும்.

கிணற்றடி, தெற்குப் பக்கம், மேல் வரிசைக் கிடுகு. காற்றுக் குறைந்துவிட்டது. கட்டவில்லை.